ஆபத்துக்குப் பாவமில்லை

விமானி நடுவானில் நினைவிழந்து சாய்ந்துவிட, பின்னால் உட்கார்ந்திருந்த பிரயாணி ஒருவர் எழுந்து வந்து, விமானத்தைச் சேதமின்றித் தரையில் இறக்கினார் என்ற வகையான செய்தியைப் பத்திரிகையில் படிக்க நேரும்போதெல்லாம், அந்தப் பிரயாணியின் ஸ்தானத்தில் என்னை உட்கார்த்திப் பார்க்கும் துர்ப்பழக்கம் ஒன்று எனக்கு உண்டு. படித்து முடித்துக் காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் நான் விமானத்தை இறக்கிவிட்டிருப்பேன். மாலையுடன் ஓடி வருகிறவர்களிடம், என்னால் ஆனதைச் செய்தேன், அவ்வளவுதான், என்று அடக்கமாக இரண்டு வார்த்தை பேசியும் இருப்பேன்.

இந்த ஆசையை உலகத்தாருக்கு ஊட்டியதில் ஆர்தர் ஹெய்லிக்குப் பெரும் பங்கு உண்டு. 1956இல் கனடாத் தொலைக்காட்சிக்கு அவர் எழுதிய நாடகத்தில், விமானிகள் இருவரும் மீனைச் சாப்பிட்டு நோயில் விழ, பிரயாணி ஒருவர் விமானத்தை ஓட்டும்படி நேர்கிறது. மறு வருஷம் அது சினிமாவாயிற்று. 1980இல் அந்தச் சினிமாவைப் பரிகாசம் செய்து இன்னொரு சினிமா வந்தது. பல விமானக் கம்பெனிகளில் விமானிகள் இருவரும் ஒரே பண்டத்தைச் சாப்பிடுவதில்லை என்ற வழக்கமும் இருக்கிறது. ஆனால் ஹெய்லியின் கதாநாயகன் யுத்த காலத்தில் சண்டை விமானம் ஓட்டியவன். ஆகையால் அவனைப் பரிசுத்தமான அஞ்ஞானி என்று சொல்லுவதற்கில்லை. அப்படிப்பட்டவரைக் காண வேண்டுமானால் 2022ஆம் வருஷத்துக்கு வரவேண்டும்.

அவ்வருஷம் மே மாதம் 10ஆம் தேதி, பஹாமாஸ் தீவுகளிலிருந்து ஃப்ளோரிடாவுக்கு ஒரு ஸெஸ்னா காரவான் விமானம் பறந்துகொண்டிருந்தது. ஒற்றை எஞ்சின் உள்ள சிறிய விமானம். விமானியும் பிரயாணிகள் இருவருமாக மூன்றே பேர். தலையை வலிக்கிறது, உடம்பு என்னவோ செய்கிறது என்று சொன்ன விமானி அப்படியே சாய்ந்தார். விமானம் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு கீழே பாயத் தொடங்கியது. பிரயாணிகளில் ஒருவர் வீடுகளுக்குத் தரை போடும் வியாபாரத்தில் உள்ளவர். பிறருடைய தரைகளைப் பற்றிச் சகலமும் அறிந்த அவர், தாம் தரைக்குப் போய்ச் சேரும் மார்க்கத்தை மட்டும் அறியாதவராக, முன்னால் எட்டி, செலுத்தும் பிடியைப் பற்றி, வெடுக்கென்று இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து விமானத்தை நிமிர்த்தினார். பிறகு ரேடியோவில் கூப்பிட்டு, விமானிக்கு நினைவு சரியாக இல்லை, தமக்கு ஓட்டத் தெரியாது என்ற இரண்டு சங்கதிகளையும் சுருக்கமாகத் தெரிவித்தார். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, அதுவும் தெரியாது, எதிரே ஃப்ளோரிடாவின் கரை தெரிகிறது என்றார்.

கீழேயிருந்து வந்த பதிலைத்தான் நான் நினைத்து நினைத்து வியக்கிறேன். இறக்கைகளைச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள். கரையை ஒட்டியே வடக்கேயோ தெற்கேயோ போய்க்கொண்டிருங்கள். அவ்வளவுதான். தலைவலிக்காரரை நம்பி ஏன் ஏறினீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. இன்றைக்கு நாள் எப்படி என்று பார்த்துக்கொண்டு கிளம்பியிருக்கக் கூடாதா என்றும் கேட்கவில்லை. விமானிக்கு வயசென்ன, குழந்தைகள் எத்தனை, இது அவர் தகப்பனார் வழியில் வந்த வியாதியா என்பன போன்ற பூர்வாங்க விசாரணைகளையும் அவர்கள் அறவே தள்ளிவிட்டார்கள். ரேடியோவுக்கு முன்னால் என் பந்துக்கள் இருந்திருப்பார்களேயானால், இவற்றில் பாதிக்கு விடை கிடைப்பதற்குள் எரிபொருள் தீர்ந்திருக்கும்.

பாம் பீச் விமான நிலையத்தில் ராபர்ட் மார்கன் என்பவர், வேலைக்கு நடுவே கிடைத்த ஓய்வில், வெளியே உட்கார்ந்து புஸ்தகம் படித்துக்கொண்டிருந்தார். விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் உத்தியோகத்தோடு, விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியத் தொழிலும் உடையவர் என்பதால் அவரை ஓடி வரச் சொன்னார்கள். வந்தவருக்கோ அந்த ரகத்து விமானத்தை ஓட்டிய அனுபவம் கிடையாது. ஆகவே, காரவானின் முன்பலகையை, அதிலுள்ள முட்களும் குமிழ்களும் தெரியும்படி, ஒரு படமாக அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அவர் பேசத் தொடங்கினார். ஓட்டுகிறவருக்கும் தெரியாது, ஓட்டச் சொல்லுகிறவருக்கும் பூரணமாகத் தெரியாது, இருவருக்கும் நடுவே ஒரு காகிதம்! ஆனால் குரல் நிதானமாக இருந்தது. ஒரு வேலை முடிந்த பிறகே அடுத்த வேலையைச் சொல்லிற்று. விமானம் ஓடுபாதையில் ஒழுங்காக இறங்கி ஓடியது. தரையில் இருக்கிறேன், இதை எப்படி நிறுத்துவது என்று அந்த மனிதர் கேட்டாராம். அதே சமயத்தில் ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருந்த வேறொரு விமானி, இறக்கியது பிரயாணியா என்று ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே ஆச்சரியப்பட்டார்.

சாந்தம் என்பது ஞானிகளின் ஹிருதயத்தில் தானே ஊற்றெடுப்பது என்று உபந்நியாசங்களில் கேட்டிருக்கிறோம். அப்படிச் சிலருக்கு இருக்கலாம். என்னைப் போன்ற சாமானியர்களுக்கு அது கைமாற்றாகத்தான் கிடைக்கும். நெருக்கடி வேளையில் நம்மிடம் ஒரு காசு சாந்தம் இராது. அதைத் தன்னிடம் வைத்திருக்கிற ஒருவர் குரல் வழியாகக் கொஞ்சம் கொடுக்க வேண்டும், நாமும் வாங்கிக்கொண்டு காரியத்தை முடிக்க வேண்டும். ஆபத்தான இடங்களில் வேறொரு அனுகூலமும் உண்டு: ஆகாயத்தில் வேடிக்கை பார்க்கிறவர்கள் இல்லை. ஆழ்கடலிலும் இல்லை.

ஆழ்கடல் என்று சும்மா சொல்லவில்லை. 1942 செப்டம்பர் 11ஆம் தேதி, ஜப்பானியர் ஆதிக்கத்தில் இருந்த கடலில், சுமார் 120 அடி ஆழத்தில், சீடிராகன் என்ற அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலில் பத்தொன்பது வயசுச் சிப்பந்தி ஒருவனுக்குக் குடல்வால் அழற்சி கண்டுவிட்டது. கப்பலில் டாக்டர் கிடையாது. வீலர் லைப்ஸ் என்ற மருந்துச் சிப்பந்திதான் உண்டு. அவர் ரண சிகிச்சைகளைப் பக்கத்தில் இருந்து பார்த்தவரே ஒழிய, தாமாக ஒன்றும் செய்ததில்லை; செய்ததில்லை என்பதைத் தலைவரிடம் ஒளிக்காமல் சொல்லவும் சொன்னார். தலைவரோ, தாம் விடுகிற டார்பிடோக்கள்கூடச் சில சமயம் தவறிப் போகின்றன, அதற்காக விடாமல் இருக்கிறேனா என்கிற தோரணையில் பதில் சொன்னார். படுத்திருந்தவனுக்கு இந்த உபமானம் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்பது ஆலோசிக்கத்தக்கது. ஆனால் அவனும் சம்மதித்துவிட்டான்.

அதிகாரிகள் சாப்பிடுகிற மேஜைதான் சிகிச்சை மேஜை. கத்தியின் அலகு இருந்தது, பிடி இல்லை. ஓர் இடுக்கியைப் பிடியாக்கினார்கள். கீறிய இடத்தை விலக்கிப் பிடிப்பதற்குச் சமையலறையிலிருந்து கரண்டிகளை வாங்கி வளைத்தார்கள். ஈதர் கொடுக்கும் முகமூடிக்குத் தேநீர் வடிகட்டி. கிருமிகளைக் கொல்லுவதற்கு டார்பிடோவில் ஊற்றுகிற சாராயம். செய்தித் தொடர்பு அதிகாரி மயக்க மருந்துக்காரர் ஆனார். இவை எல்லாவற்றையும்விட என் மனசுக்கு உகந்தது, வயிற்றுக்குள் போனவை எத்தனை, வெளியே வந்தவை எத்தனை என்று கணக்கு வைத்துக்கொள்ள ஒருவரை நியமித்ததுதான். கல்யாண வீடுகளில் வாடகைப் பாத்திரத்துக்குக்கூட நாம் இவ்வளவு ஜாக்கிரதையாக ஆள் போடுவதில்லை. சுமார் இரண்டரை மணி நேரத்தில் குடல்வால் வெளியே வந்தது. இரண்டு வாரத்துக்குள் பையன் வேலைக்குத் திரும்பினான். இந்தக் கதையை எழுதிய ஜார்ஜ் வெல்லர் என்ற பத்திரிகைக்காரருக்கு 1943இல் புலிட்ஸர் பரிசு கிடைத்தது. கடற்படை வைத்தியத் துறையின் மேலதிகாரிகளுக்கு மட்டும் இதில் சந்தோஷம் இல்லை. ஆபத்துக்குப் பாவமில்லை என்பது நம் ஊர் வசனம்; ஆபீசுகளுக்கு அது பொருந்தாது. லைப்ஸுக்கு உரிய பதக்கம் 2005இல் வந்து சேர்ந்தது. எழுதியவருக்கு மறு வருஷம், அறுத்தவருக்கு அறுபது வருஷம் கழித்து, என்பதைப் பேனா பிடிக்கும் இனத்தைச் சேர்ந்த நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

இவ்வளவு தூரம் போவானேன்? கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எங்கள் உறவில் நடந்த கல்யாணத்தில், முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி தலைமைச் சமையற்காரருக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு. உடன் வந்தவர்கள் நறுக்குவார்கள், அரைப்பார்கள், அடுப்பு எரிப்பார்கள். அளவு அவர்களுக்குத் தெரியாது. அது அந்த மனிதரின் கையில் இருந்தது, கையோ திண்ணையில் ஓய்ந்து கிடந்தது. பந்திக்கு முந்நூறு பேர் வருகிறார்கள். செய்தி பரவிய க்ஷணத்தில் எங்கள் குலத்து ஆண்மக்கள் அனைவரும் கூடத்தில் கூடிவிட்டோம். தஞ்சாவூருக்கு ஆள் அனுப்பலாம் என்றார் ஒருவர். அனுப்பிய ஆள் திரும்புவதற்குள் பெண்ணுக்கு வளைகாப்பே வந்துவிடும் என்றார் மற்றொருவர். முன்னொரு கல்யாணத்தில் இதே மாதிரி நேர்ந்து எல்லாரும் தயிர்சாதம் சாப்பிட்டுப் போனதைப் பெரியப்பா சவிஸ்தாரமாக வர்ணித்தார். இவரை ஏற்பாடு செய்தது யார் என்ற ஆராய்ச்சி தொடங்கிற்று.

அத்தை பேச்சில் கலந்துகொள்ளவில்லை. பத்துப் பேருக்கு மேல் அவள் சமைத்ததில்லை. இடுப்பில் தலைப்பைச் செருகிக்கொண்டு சமையற்கட்டுக்குள் போனாள், என்னைக் கூப்பிட்டு, "இங்கேயே நில்லு. ஒருத்தரையும் உள்ளே விடாதே. நீயும் வராதே" என்றாள். அப்புறம் திண்ணைக்குப் போய், சாம்பாருக்கு உப்பு எவ்வளவு என்று கேட்டாள்.

"நாலு கை போடுங்கம்மா" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

அத்தை தன் கையைப் பார்த்தாள். அவருடைய கையைப் பார்த்தாள். அவர் ஒரு கையில் அள்ளுவது அவளுக்கு இரண்டு கை கொள்ளாது. மறு பேச்சு இல்லாமல் உள்ளே போய், உப்பு ஜாடி, புளிப் பானை, மிளகாய்ப்பொடித் தூக்கு, பெருங்காயக் கட்டி எல்லாவற்றையும் தாம்பாளங்களோடு திண்ணைக்கே எடுத்து வரச் செய்து, "உங்க கையாலேயே அள்ளி வைங்கண்ணே, கொட்டறதை நான் பாத்துக்கறேன்" என்றாள். அவரும் சுவரில் சாய்ந்துகொண்டு, நடுநடுவே கொல்லைப்புறம் போய் வந்தவாறே, சாம்பாருக்கு, ரசத்துக்கு, கூட்டுக்கு என்று தாம்பாளம் தாம்பாளமாக அளந்து வைத்தார். விடியற்காலையில் தாம்பாளங்கள் வரிசை மாறாமல் உள்ளே போயின. பெரியப்பா ஒரு தடவை ரசத்தைப் பற்றி யோசனை சொல்ல வந்தார். என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவரை நான் தடுத்து நிறுத்தினேன்.

பந்தி குறைவின்றி நடந்தது. சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர், தம் பேரன் கல்யாணத்துக்கு வேண்டும் என்று, சமையற்காரரின் விலாசத்தை விசாரித்துக்கொண்டு போனார். மத்தியானத்துக்கு மேல், இந்தச் சமாசாரத்தைச் சொல்லுவதற்காக ஒரு டம்ளர் நீர்மோரை எடுத்துக்கொண்டு அத்தை திண்ணைக்கு வந்தாள். அவர் மோரை வாங்கிக் கீழே வைத்தார். அன்று முழுதும் ஒரு பருக்கையும் வாயில் வைக்காத மனிதர், உள்ளேயிருந்து வந்த வாசனையை ஒரு முறை ஆழ்ந்து இழுத்து, முகத்தைச் சுளித்து, "சாம்பாரிலே பெருங்காயம் கொஞ்சம் பத்தலேம்மா" என்றார்.

"ஆமாண்ணே. நீங்க உடைச்சுக் கொடுத்ததுதான்" என்றாள் அத்தை.