தார் போடாத ரோடு எங்கே சார்?

புதுச்சேரியில் மலை இல்லை. இதை ஒரு குறையாக ஊரில் யாரும் நினைத்ததில்லை. மண்ணிலும் சரளையிலும் ஓட்டும் கிராவல் சைக்கிள்காரர் ஒருவருக்குத்தான் இது ராத்தூக்கத்தைக் கெடுக்கும் சங்கதி.

அவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை, கிழக்கு வெளுக்கும் முன்பே, கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் நிற்பார். வயது நாற்பதுக்கு மேல். பேங்க்கிலோ ஜிப்மரிலோ சேதராப்பட்டுக் கம்பெனி ஒன்றிலோ பொறுப்பான உத்தியோகம். உடம்பைப் பிடித்த பனியன். அதன் முதுகில் மூன்று பை. ஒன்றில் கடலை மிட்டாய், ஒன்றில் விரல் நீளப் பம்பு, மூன்றாவதில் திரும்பும்போது கொத்தமல்லி வாங்கிவர வீட்டம்மா மடித்துக் கொடுத்த துணிப்பை. ஷூவின் அடியில் பெடலில் மாட்டிக்கொள்ள ஒரு கட்டை இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு டக் டக்கென்று அவர் டீக்கடைக்கு வரும்போது, பெஞ்சில் இருப்பவர்கள் காலை மடக்கி வழிவிடுவார்கள்.

சைக்கிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹேண்டில்பார் ரேஸ் சைக்கிளுடையது, ஆட்டுக்கிடாக் கொம்பு மாதிரி கீழே வளைந்திருக்கும். டயர் ரேஸ் சைக்கிளுடையது அல்ல. 40, 45 மில்லிமீட்டர் அகலம், மேலே முண்டு முண்டாக. ரேஸ்காரர்கள் கல்லாக இறுக்கி அடிக்கும் காற்றில் பாதிகூட இதில் அடிக்கக் கூடாது. சரளைக்கல்லில் டயர் நசுங்கிக் கொடுத்தால்தான் பிடிப்பு. கொஞ்சம் நல்லதாக எடுத்தால் விலை ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். வீட்டில் சொன்ன விலை வேறு.

“ஏன் சார், ஈசிஆர்ல ரோடு பாய் விரிச்ச மாதிரி கெடக்குதே, அதுல போனா இன்னா?” என்று டீ மாஸ்டர் ஒருநாள் கேட்டுவிட்டார். கேட்டிருக்கக் கூடாது. டீ ஆறும் வரை பிரசங்கம். 1891-ல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் துறைமுகத்துக்குப் போய்த் திரும்ப ஒரு போட்டி வைத்தார்கள், சுமார் 1,200 கிலோமீட்டர். சார்லஸ் தெரோன் என்பவர் தூங்காமல் கொள்ளாமல் மூன்று ராத்திரி மிதித்து, 71 மணி நேரச் சொச்சத்தில் ஜெயித்தார். “அப்போ தார் ஏது? எல்லாம் மண்ணும் கல்லும்தான்! சைக்கிள் பொறந்ததே கிராவல்லதான்!” அந்தப் பயணம் நாலு வருஷத்துக்கு ஒருமுறை இன்றும் நடக்கிறது, 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நம்மவர் போனதில்லை. ஆனால் அதே போட்டியின் நினைவாக, சக்கர வடிவில், நடுவில் கிரீம் வைத்து ஒரு பலகாரம் பிரான்சில் உண்டு, பெயரும் பாரிஸ்–பிரெஸ்ட்தான். பாரிஸில் இருக்கும் சொல்தா வீட்டு, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர் வீட்டு, மச்சானைப் பார்க்கப் போனபோது அதைச் சாப்பிட்டிருக்கிறார். இதுவரை அவர் முழுசாக முடித்த பாரிஸ்–பிரெஸ்ட் அது ஒன்றுதான்.

பிரசங்கத்தில் விஷயம் இல்லாமல் இல்லை. வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துத் தாத்தாக்கள் கப்பி ரோட்டில், முன்னால் பையன், பின்னால் சம்சாரம், ஹேண்டிலில் தூக்குச்சட்டி என்று மிதித்ததும் இதே சவாரிதான். அவர்களுக்கு ஹெல்மெட் கிடையாது, ‘அனுபவம்’ என்று அதைச் சொல்லிக்கொள்ளவும் தெரியாது.

மலைக்கு வருவோம். அவருடைய போனில் ஸ்ட்ராவா என்ற செயலி இருக்கிறது. எத்தனை கிலோமீட்டர் போனோம் என்பதோடு எத்தனை மீட்டர் ஏறினோம் என்றும் அது கணக்கு வைக்கும். கோயம்புத்தூர் நண்பர் ஒரு காலையில் ஆயிரம் மீட்டர் ஏறிவிட்டுப் படம் போடுவார். நம்மவர் பாகூர் ஏரி வரை போய் வந்தால் ஏற்றம் என்ற இடத்தில் ஏதோ ஒரு சில்லறை எண் நிற்கும். அதற்காக அரும்பார்த்தபுரம் மேம்பாலத்தில் ஏறி, இறங்கி, திரும்பி, மறுபடி ஏறி என்று அரைமணி நேரம் சுற்றியதைப் பார்த்து, பாலத்தில் ஏதோ தொலைத்துவிட்டார் போலிருக்கிறது என்று ஒரு ஆட்டோக்காரர் நிறுத்தி விசாரித்திருக்கிறார். அடுத்த சிகரம் கோரிமேடு. அதில் கியரை இறக்கி, மூச்சை எண்ணி அவர் ஏறும்போது, இரண்டு பால் கேன் கட்டிய ஒற்றைக் கியர் சைக்கிளை எழுந்து நின்று மிதித்தபடி ஒரு பெரியவர் தாண்டிப் போவார். “அவருக்குப் பழக்கம் சார்” என்பார் நம்மவர், தண்ணீர்ப் புட்டியைக் கடித்துக்கொண்டே.

மலை இல்லாத குறையைக் காடு ஓரளவு தீர்த்து வைக்கிறது. கோட்டக்குப்பம் தாண்டி, பொம்மையார்பாளையத்தில் இடதுபக்கம் ஏறினால் செம்மண். குயிலாப்பாளையம் முந்திரித் தோப்பு, இடையஞ்சாவடிப் பனைமரங்கள், நடுவே ஆரோவில் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதைகள். கடல் மட்டத்திலிருந்து மிஞ்சிப் போனால் ஐம்பது மீட்டர் உயரம். அவர் வாயில் அது ‘பிளாட்டோ’. 1968 பிப்ரவரி 28-ல் ஆரோவிலைத் தொடங்கியபோது அங்கே காடே இல்லை. மழை விழுந்தால் மேல்மண் கரைந்து, ஓடையெல்லாம் சிவந்து, கடல் ஓரமும் சிவக்கும். வரப்பு போட்டு, ஓடையை மறித்து, லட்சக்கணக்கில் கன்று நட்டுத்தான் இன்றைய நிழல் வந்தது. தண்ணீர்ப் பானை சுமந்து அந்தக் கன்றுகளுக்கு ஊற்றியவர்களில் சுற்றுக் கிராமத்து ஆட்களும் உண்டு. அவர்களுடைய பேரன்கள் இன்று அதே பாதையில் மோட்டார் சைக்கிளில் போகும்போது, ‘இயற்கை அமைதி கெடுகிறது’ என்று நம்மவர் முகம் சுளிப்பார். போகட்டும். காலை ஆறு மணிக்கு, உதிர்ந்த சருகு டயரில் நொறுங்க, கீரிப்பிள்ளை ஒன்று பாதையைக் கடக்க, அந்த நிழலில் போகிற சுகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நாய்கள் துரத்தும் வரைக்கும்தான் அதுவும்.

இந்தப் பக்கத்து நாய்களுக்கு யூனியன் பிரதேச எல்லை தெரியாது. புதுச்சேரியும் தமிழ்நாடும் இங்கே ஒன்றுக்குள் ஒன்று துண்டு துண்டாகச் செருகிக் கிடப்பதால், ஒரே சவாரியில் நாலைந்து முறை மாநிலம் மாறுகிறார் அவர். எங்கே தார் முடிந்து மண் தொடங்குகிறதோ அதுதான் அவருக்குத் தேசத்தின் எல்லை.

அந்த எல்லை நகர்ந்துகொண்டே போவதுதான் அவருடைய பெருஞ்சோகம். அவர் கண்டுபிடித்து, நாலு பேருக்கு ரகசியமாகச் சொல்லி, போனில் பெயரும் வைத்திருந்த ஒரு மண்பாதையில் ஒருநாள் ரோடு ரோலர் நின்றது. ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. பஸ் வரும் என்று கிழவிகள் பேசிக்கொண்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சூடு ஆறாத ஜல்லியை மிதித்துச் செருப்பைத் தேய்த்துக்கொண்டார்கள். நம்மவர் மட்டும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இழவு வீட்டு வாசலில் நிற்கும் தோரணையில் நின்றார். “எத்தனை வருஷமா மனு கொடுத்தோம் சார், இப்பதான் விடிஞ்சுது” என்று பக்கத்திலிருந்தவர் சந்தோஷமாகச் சொன்னதற்கு, “ம்ம்… ஆமாம்… என்ன பண்றது” என்றாராம்.

பஞ்சர் கதையைத் தனியாகவே எழுதலாம். அவர் டயருக்குள் டியூப் இல்லை. வெள்ளையாக ஒரு திரவம் ஊற்றியிருக்கும். வேலிக்காத்தான் முள் ஏறினால் அது ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும். முள்ளுக்குச் சரி, பனங்கருக்குக்கு என்ன செய்யும்? இரும்பைப் பக்கம் விழுந்து கிடந்த மட்டை ஒன்று டயரின் விலாவை இரண்டு அங்குலம் கிழித்துவிட்டது. திரவம் பீய்ச்சி அடித்து, முழங்கால் முதல் மூக்குக்கண்ணாடி வரை அபிஷேகம். உருட்டிக்கொண்டே போய் மெயின் ரோட்டுப் பஞ்சர் கடையில் நிறுத்தினார். கடைக்காரர் பீடியை அணைத்துவிட்டு டயரைக் கழற்றினார்.

“டியூப் எங்க?”

“டியூப் கெடையாதுண்ணே.”

“டியூப் இல்லாம ஒட்டு எதுல சார் போடுறது, என் கையிலயா?”

சரி, பழைய டயர்த் துண்டை உள்ளே வைத்து, சாதா டியூப் ஒன்றைப் போட்டு அனுப்பிவிடலாம் என்றார் அண்ணன். நல்ல யோசனை. ஆனால் சாதா டியூபின் வால்வு தடிமன். இந்த ரிம்மில் இருப்பதோ பென்சில் நுழையாத ஓட்டை. “இது பிரெஞ்சு வால்வுக்கு உள்ளதுண்ணே” என்று நம்மவர் விளக்கினார். அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். “பிரெஞ்சுக்காரன் அம்பத்தி நாலுலயே மூட்டை கட்டிட்டானே சார், வால்வை மட்டும் உங்களாண்ட விட்டுட்டுப் போயிட்டானா?” சொல்லிக்கொண்டே பெட்டிக்குள் கையை விட்டு உருட்டு அரத்தை எடுத்தார். ரெண்டு இழுப்பு இழுத்தால் ஓட்டை பெரிசாகிவிடும் என்பது அவர் கணக்கு. ரிம் கார்பன், ஒரு மாதச் சம்பளம். நம்மவர் போட்ட கூச்சலில் எதிர் மரத்துக் காக்கைகள் பறந்தன. ஒரு லட்சத்துச் சொச்ச ரூபாய்ச் சைக்கிள் அன்று குட்டியானையில், சிமெண்ட் மூட்டைகளுக்கும் ஒரு ஆட்டுக்கும் நடுவே, கௌரவமாக வீடு வந்து சேர்ந்தது.

உண்மையான மலையையும் அவர் பார்க்காமல் விடவில்லை. செஞ்சி பக்கம்தான், எழுபது கிலோமீட்டர் இருக்கும்; ஆனால் கோட்டைப் படிக்கட்டில் சைக்கிளுக்கு என்ன வேலை? 1750-ல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை ஒரே ராத்திரியில் அந்தக் கோட்டையைப் பிடித்த கதையை மட்டும் அடிக்கடி சொல்வார், தானும் கூடப் போன மாதிரி. அப்புறம் ஒரு பொங்கல் லீவில் நண்பர்கள் மூன்று பேர், காரின் தலையில் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு ஜவ்வாது மலைக்குக் கிளம்பினார்கள். போளூர் வழியாக ஏறி ஜமுனாமரத்தூர். அந்தப் பக்கம் காவலூரில் 1986 முதல் நட்சத்திரம் பார்க்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அதையெல்லாம் பார்க்க நேரமில்லை, வானத்தைப் பார்க்கவா வந்தார்கள், தரையைப் பார்க்க வந்தவர்கள்.

தேடி வந்த மண்பாதை காப்புக்காட்டுக்குள் நுழையும் இடத்தில் பாரஸ்ட் கார்டு கையைக் காட்டினார். அனுமதிச் சீட்டு கேட்டார். 2018-ல் குரங்கணியில் காட்டுத்தீயில் அத்தனை பேர் போனதற்குப் பிறகு, காட்டுக்குள் யாரையும் சும்மா விடுவதில்லை, விடவும் கூடாது. “சைக்கிள்தானே சார், புகைகூட வராது” என்று நம்மவர் வாதாடிப் பார்த்தார். “சிறுத்தைக்கு அது தெரியுமா சார்?” என்றார் கார்டு. திரும்பி, சாமைக் கொல்லைகளுக்கு நடுவே ஊர்களை இணைக்கும் மண்பாதையைப் பிடித்தார்கள். அது வாய்த்தது. ஏற்றம், இறக்கம், பலா மரம், சிற்றோடை, காலுக்கடியில் கரகரக்கும் சரளை. எதிரே ஒரு வண்டி கிடையாது.

பாதை முடிகிற சிற்றூரில் களத்தில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, ஹேண்டிலில் மினுக்கும் கருவி என்று மூன்று பேர் வந்து இறங்கவும் சனம் கூடிவிட்டது. ஒரு அம்மா முன்னால் வந்தார்.

“ரோடு அளக்க வந்தீங்களா சார்?”

நம்மவர் இல்லை என்று தலையாட்டுவதற்குள் ஒருவர் ஓடிப்போய் நோட்டுத்தாளில் எழுதி வைத்திருந்த மனுவைக் கொண்டுவந்துவிட்டார். மழைக்காலத்தில் 108 வண்டி மேலே வருவதில்லை, பிரசவ வலி எடுத்தால் டோலி கட்டித்தான் தூக்குகிறோம் என்றார்கள். குடிக்க மோர் கொடுத்தார்கள். “கல்லுக் கல்லா கெடக்குது, மனுசன் நடக்க முடியுதா? இதுல சைக்கிள்ல வேற வந்திருக்கீங்க, பாவம்” என்று அந்த அம்மா அவர் முழங்காலில் படிந்திருந்த மண்ணைப் பார்த்து இரக்கப்பட்டார். நம்மவர் மனுவை வாங்கி முதுகுப் பையில், கொத்தமல்லித் துணிப்பைக்குள், மடிப்புக் கலையாமல் வைத்துக்கொண்டார். ஊர் திரும்பியதும் திருவண்ணாமலை கலெக்டர் அலுவலகத்துக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியும் வைத்தார்; இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத்தான் பாவம்.

தபால் ரசீதோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, ஸ்ட்ராவாவில் அந்தச் சவாரியின் படங்களைப் போட்டு, மேலே தலைப்பும் எழுதினார்: ‘சொர்க்கம். தார் போடுவதற்குள் எல்லோரும் ஒருமுறை போய் வந்துவிடுங்கள்.’