மூடுபனியும் பறவையும் மூன்றாம் பாகமும்

தமிழ் மரபு ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, மார்கழியும் தையும் சேர்ந்த காலத்துக்கு முன்பனி என்று பெயரிட்டுள்ளது. இப்பகுப்பைச் செய்த முன்னோர் சென்னையில் குடியிருந்தவர்கள் அல்லர் என்று உறுதியாகக் கூறலாம். ஏனெனில் அந்நகரில் ஆண்டின் மிகக் குளிர்ந்த விடியற்காலைகளில்கூட வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி செல்சியசை ஒட்டியே நின்றுவிடுகிறது. ஆனால் குளிரை அளக்க வெப்பமானி ஒன்றே கருவி அன்று. தெருவில் தென்படும் குரங்குக் குல்லாய்களையும், காதைச் சுற்றிக் கட்டிய மப்ளர்களையும், டீக்கடைக் கண்ணாடிக் குவளையை இரு கைகளாலும் பொத்திப் பிடித்திருப்போரையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், மார்கழி முதல் நாளன்றே தமிழகத்தைக் கடுங்குளிர் தாக்கிவிடுகிறது என்ற முடிவுக்கே எந்த ஆய்வாளரும் வரவேண்டியிருக்கும்.

இப்பருவத்துக்கு உரிய சிற்றின்பங்களுள், சமயம் அஞ்சச் சொல்லும் பொருளில் அல்லாமல் சிறிய இன்பங்கள் என்னும் நேர்ப்பொருளில், மூன்று சிறப்பாக ஆராயத்தக்கவை: விடியற்கால நடை, பறவைகளையும் விலங்குகளையும் பார்த்தல், சரித்திர நாவல் வாசிப்பு. தொடர்பற்றவை போலத் தோன்றும் இம்மூன்றுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. மூன்றிலும் கண்ணுக்குக் கிடைப்பது கொஞ்சம். மனம் இட்டு நிரப்பிக்கொள்வதே மிகுதி.

முதலில் நடை. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்து மண்ணை நனைத்து ஏரிகளை நிரப்பிவிட்டு ஓய்ந்தபின், மேகமற்ற இரவுகளில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து குளிர்கிறது; தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, அதிலுள்ள நீராவி நுண்துளிகளாகித் தொங்குவதே மூடுபனி. சென்னையில் இந்த இயற்கை நிகழ்வு வாய்ப்பது அரிது என்பதால், பொதுமக்கள் போகி அன்று பழம்பாய், தென்னந்துடைப்பம் முதலியவற்றைத் தாமே கொளுத்தி, விமானங்கள் தாமதமாகும் அளவுக்கு அக்குறையை ஈடுசெய்துகொள்கின்றனர். எவ்வகைப் பனியாயினும் அதன் தொண்டு பெரிது. தெருமுனைக் குப்பைத் தொட்டியும், மறைந்தவர்க்கு அஞ்சலியும் மணமக்களுக்கு வாழ்த்தும் அருகருகே கூறும் சுவரொட்டிகளும், கைமாற்றுக் கொடுத்தவர் எதிரே வரும் காட்சியும் அதில் ஒருசேர மறைந்துபோக, எஞ்சி நிற்கும் தெரு உள்ளபடி இருப்பதைவிட மிக அழகியதாகத் தோன்றுகிறது.

நடப்போரை மூவகையினராகப் பிரிக்கலாம். மருத்துவர் சொல்லி நடப்போர் முதல் வகையினர். வீட்டு நாய் இழுத்த திசையில் செல்வோர் இரண்டாம் வகையினர். கோயிலை நோக்கிச் செல்வோர் மூன்றாம் வகையினர். மார்கழியில் முதல் வகையினர் தம்மை அறியாமலே மூன்றாம் வகைக்கு மாறிவிடுவது ஆய்வுக்குரிய செய்தியாகும். நான்கு தெருக்களைச் சுற்றி வியர்வையோடு வரும் ஒருவர், கோயில் வாசலில் தொன்னையில் வழங்கப்படும் வெண்பொங்கலை மறுப்பது தெய்வக் குற்றமாகும் என்று அஞ்சி ஏற்றுக்கொள்கிறார். நெய் விரலிடுக்கில் வழியும்போது, நடையால் குறைந்த எடை நடந்த வழியே திரும்பி வந்து சேர்ந்துவிடுகிறது. முந்திரிப்பருப்பு இரண்டு கிடைத்தவர் மறுநாள் இன்னும் சீக்கிரமாகவே நடக்கப் புறப்படுகிறார்.

அடுத்தது பறவை. விடியலையும் பறவைக் குரலையும் இணைத்துப் பார்ப்பது தமிழுக்குப் புதிதன்று. மார்கழி நாள்களுக்கு உரியதாக ஓதப்படும் திருப்பாவையின் முப்பது பாசுரங்களில், உறங்குவோரை எழுப்பும் பொறுப்பில் ஒரு பங்கு பறவைகளிடமே ஒப்படைக்கப்பட்டுள்ளது. அவற்றுள் ஆனைச்சாத்தன் என்பதை வலியன் எனப்படும் கரிக்குருவியாகக் கொள்வது உரை மரபு. அப்பறவைகள் எழுப்பியும் தோழியர் எழவில்லை என்பதிலிருந்து, மார்கழித் தூக்கத்தின் வலிமை அக்காலத்திலேயே நன்கு அறியப்பட்டிருந்தது என்று துணியலாம்.

இப்பருவத்தில் வரும் விருந்தாளிகளுள் ஆறுமணிக் குருவி குறிப்பிடத்தக்கது. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடுகட்டி, குளிர்காலத்தில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும் இது, காலையிலும் மாலையிலும் ஆறு மணி அளவில் குரல் கொடுப்பதால் இப்பெயர் பெற்றது. பச்சையும் நீலமும் சிவப்பும் கருப்பும் வெள்ளையும் பூண்ட இப்பறவை, புதருக்கடியில் சருகுகளைக் கிளறித் திரிவதால், அத்தனை நிறங்களும் பெரும்பாலும் எவருக்கும் காட்டப்படாமலே போகின்றன. அதைத் தேடிச் செல்வோர் கேட்பது ஒரு சீழ்க்கை, காண்பது ஒரு புதரின் அசைவு. எஞ்சிய நிறங்களைப் பறவைக் கையேட்டிலிருந்து எடுத்து ஒட்டிக்கொண்டு மனநிறைவுடன் வீடு திரும்புகின்றனர். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்தோ தன்னை ஒளித்துக்கொள்வதில்லை. 6,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இமயத்தைக் கடப்பதாகப் பதிவாகியுள்ள இப்பறவை, வெறுந்தலையுடன் நீரில் மிதந்தவாறு, கரையில் குரங்குக் குல்லாயுடன் நடுங்கி நிற்கும் மனித இனத்தை வியப்பின்றிப் பார்க்கிறது.

பறவைகளைக் காக்கும் பண்பு கல்வியறிவாலும் விளம்பரத்தாலும் மட்டுமே வரும் என்று கருதுவோர் வேடந்தாங்கலின் வரலாற்றை அறிவது நலம். தம் ஏரியில் கூடிய பறவைகளைச் சுட்ட வெள்ளைக்கார வீரர்கள்மீது ஊரார் முறையிட்டு, அன்றைய செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸிடமிருந்து 1798இல் ஒரு கவுலைப் பெற்றனர். கவுல் என்பது அரசு எழுதித் தரும் உறுதிமொழிப் பத்திரம். இதில் அன்போடு கணக்கும் கலந்திருந்தது. ஆயிரக்கணக்கான நாரைகளும் நீர்க்காகங்களும் எச்சமிட்ட ஏரிநீர் வயலுக்கு உரமாகப் பாய்வதால், உரக்கடைகள் தோன்றும் முன்னரே அவ்வூர் உழவர்களுக்கு உரம் வானத்திலிருந்து இலவசமாக விநியோகிக்கப்பட்டது. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டியிலோ பறவைகள் வெருளக்கூடாது என்பதற்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. விடிய விடிய வெடிச்சத்தம் கேட்கும் நகரங்களில் அத்தகைய ஊரில் குடியேற விரும்புவோர் மனிதர்களிலும் பலர் இருப்பர்.

மூன்றாவது, சரித்திர நாவல். நடந்து களைத்து, பொங்கல் உண்டு, போர்வைக்குள் மீண்டும் புகுந்தவருக்கு இதனினும் ஏற்ற தொழில் இல்லை. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்து ஐந்து பாகங்களாக விரிந்த பொன்னியின் செல்வன், ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரை மீது வரும் வந்தியத்தேவனுடன் தொடங்குகிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் தோன்றிய அந்த ஏரியே இன்றைய வீராணம். 2004 முதல் அதன் நீர் குழாய் வழியே சென்னைக்கு வருவதால், தலைநகர வாசகர் ஒருவர் நாவலின் முதல் அத்தியாயத்தைப் படித்தவாறே அதன் களத்தைக் காய்ச்சிக் குடிக்கவும் முடிகிறது.

இந்நாவலுக்குக் கிடைத்த சான்றுகளின் அளவைப் பார்த்தால் புதர் அசைவைக் கண்டு பறவையை முடிவுசெய்தவர் மீதுள்ள குறை நீங்கிவிடும். வந்தியத்தேவர் சோழ இளவரசி குந்தவையின் கணவர் என்பதைத் தஞ்சைக் கல்வெட்டு சுட்டுகிறது; சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளுள் ரவிதாசன் முதலியோரை, ஏரிக்கு அண்மையிலுள்ள உடையார்குடிக் கல்வெட்டு பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இத்தகைய சில வரிகளுக்கு இடையே உள்ள வெளியில் நாவலாசிரியர் கல்கி குதிரைகளையும் சுரங்கப்பாதைகளையும் நிலவொளியையும் பரப்பினார். நந்தினிக்கும் பூங்குழலிக்கும் கல்வெட்டு ஏதும் இல்லை. ஆயினும் சோழர் வரலாற்றில் மக்கள் ஐயமின்றி நம்புவது இவ்விருவரையே.

காட்டுயிர் ஆர்வலரும் நாவல் வாசகரும் முரண்படும் இடம் ஒன்று உண்டு. இருளில் ஆந்தை அலறினால் முன்னவர் அது எந்த வகை ஆந்தை என்று ஆராய்வார். பின்னவரோ சரித்திர நாவலில் அலறுவது ஆந்தையே அன்று, மதிலுக்கு அப்பால் நிற்கும் ஒற்றன் என்று அறிந்தவர். பொன்னியின் செல்வனிலேயே, அரிசிலாற்றங்கரையில் முதலையைக் கண்டு வந்தியத்தேவன் வேலெறிய, அது உயிரற்ற முதலை என்று பின்னர்த் தெரியவருகிறது. தொலைநோக்கியுடன் நெடுநேரம் உற்றுநோக்கி, இறுதியில் அது பறவையன்று, மரக்கட்டை எனக் கண்டறிந்த எவரும் அம்மாவீரனைப் பார்த்து நகைக்கத் துணியார்.

வாரந்தோறும் வந்த தொடர்களை இதழிலிருந்து கிழித்து பைண்டு செய்து வைக்கும் வழக்கம் முற்கால வீடுகளில் இருந்தது. அவற்றில் சில வாரங்கள் விடுபட்டிருக்கும். சில பக்கங்களைச் செல்லரித்திருக்கும். அவ்விடங்களில் வாசகர் தாமே கதை புனைந்து கடந்து சென்றார். பின்னாளில் உண்மையான அத்தியாயம் கையில் கிடைத்தபோது, தம் கதையே மேல் என்று கருதியோரும் இருந்திருக்கக்கூடும். முழுமையாகக் காட்டப்படும் எதுவும் மனத்துக்கு வேலை கொடுப்பதில்லை என்பதே இம்மூன்று இன்பங்களாலும் பெறப்படும் முடிவு.

எனவே வாசகர்கள் தை முடிவதற்குள் ஒருநாளேனும் விடியலில் நடந்து, பொங்கல் நாள்களில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் ஆண்டுதோறும் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் தம் தெருக் காக்கையையாவது பதிவு செய்வது நன்று. பொன்னியின் செல்வனின் மூன்றாம் பாகத்தை மட்டும் யாரிடமிருந்தோ இரவல் வாங்கி ஆண்டுக்கணக்கில் வைத்திருப்போர், உரியவரின் கற்பனை வளத்தை மேலும் சோதிக்காமல், இந்தப் பருவத்திலேனும் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.