பழைய புரொஜெக்டரும் ஹாலின் மின்விசிறியும்: ஓர் ஆய்வு

பழைய புரொஜெக்டரை வாங்கிப் படம் காட்டுவதற்குத் தமிழ்நாட்டில் நூறாண்டு கடந்த மரபு உண்டு. 1905-ல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். டூபாண்ட் ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருந்த கருவி அது. தமிழ்நாட்டு டூரிங் சினிமாவின் வேரில் ஒரு செகண்ட் ஹேண்ட் வியாபாரம் இருப்பதை வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு அழுத்திச் சொன்னதில்லை. இன்று சென்னை ரிச்சி தெருவில் பேரத்தை முடித்துத் துணிப்பையோடு வெளியே வருபவர் வின்சென்டின் நேர் வாரிசு. ஒரே வேறுபாடு, வின்சென்ட் கொட்டகை போட்டுப் படம் காட்டியவர். கொட்டகையில் மின்விசிறி கிடையாது. வீட்டில் புரொஜெக்டரின் இடத்தைத் தீர்மானிப்பது ஒளியியல் அன்று, மின்விசிறியே என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

சந்தைக்கு வரும் பழைய கருவிகளில் பெரும்பாலானவை அலுவலகங்களும் பள்ளிகளும் கழித்துக்கட்டியவை. அவை எல்சிடி, டிஎல்பி என இரு குலத்தைச் சேர்ந்தவை. வெறும் வெள்ளைப் படத்தைச் சுவரில் போட்டால் குலத்தின் நோய் தெரிந்துவிடும். எல்சிடி முதுமையில் மஞ்சளும் நீலமுமாகத் திட்டுத் திட்டாக மாறும். டிஎல்பியின் நோய்க்கு மட்டும் கறுப்புப் படம் போட வேண்டும். அதன் நுண்கண்ணாடிகளில் சில அசையாமல் நின்றுபோய், இருண்ட காட்சியில் வேண்டாத நட்சத்திரங்களைத் தோற்றுவிக்கும். விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்தது என்று மெனுவில் ஒரு கணக்கு இருக்கும். அதைப் பூஜ்யமாக்க இரண்டு பொத்தான் போதும் என்பதால் அக்கணக்கை இலக்கியமாக மட்டுமே வாசிக்க வேண்டும். ‘ஃபுல் எச்டி சப்போர்ட்’ என்ற ஸ்டிக்கரும் அவ்வகையே: 1920-க்கு 1080 புள்ளிப் படத்தைக் கருவி வாங்கிக்கொள்ளும்; காட்டுவதென்னவோ தன்னிடமுள்ள 1024-க்கு 768 புள்ளிகளில்தான்.

இனி இடம். திரையின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் பல அலுவலகக் கருவிகளுக்குத் தேவை. ஃபுல் எச்டி விகிதத்தில், மூலைக்கு மூலை 100 அங்குலம் உள்ள படத்தின் அகலம் ஏழேகால் அடி. ஆகவே கருவி ஏறக்குறைய 11 அடி தள்ளி நிற்க வேண்டும். சாதாரண ஹாலில் இந்தப் பதினொரு அடிக்குள், சரியாக நடுவில், 1200 மில்லிமீட்டர் வீச்சோடு மின்விசிறி சுழல்கிறது. கருவியைக் கூரையில் தொங்கவிட்டால் ஒளிக்கற்றை இறக்கைகளின் வழியாகத்தான் போயாக வேண்டும். மூன்று இறக்கை, நிமிடத்துக்கு 360 சுற்று என்று கொண்டால் ஒளி நொடிக்கு 18 முறை வெட்டுப்படுகிறது. மௌனப்படக் காலத்தில் கையால் சுற்றிய வேகத்துக்கு இது மிக நெருக்கமான எண். தற்செயலாக இருக்கலாம், ஆனால் ஆய்வுக்குரியது.

விசிறியை நிறுத்திவிடலாம் என்பார் உண்டு. இருநூறு வாட்டுக்குமேல் இழுக்கும் விளக்கு எரியும் அறையில், சித்திரை மாதத்தில், இந்தத் தீர்வு முதல் பாட்டு வரைக்கும் தாங்காது. சரியான தீர்வு கருவியின் அமைப்பிலேயே இருக்கிறது. பெரும்பாலான புரொஜெக்டர்கள் படத்தை லென்ஸுக்கு மேல்நோக்கி வீசும்படி செய்யப்பட்டவை. திரையின் கீழ் விளிம்பு உயரத்தில் ஒரு ஸ்டூலை வைத்து அதன்மேல் மட்டமாக வைத்தால் ஒளி விசிறிக்குக் கீழேயே போய்விடும், படமும் கோணாது. ஸ்டூல் குட்டையென்று முன்னங்காலுக்கு அடியில் பழைய டைரியைச் செருகினால் படம் மேலே அகன்று கீழே குறுகும். அதைக் ‘கீஸ்டோன்’ பொத்தானால் நிமிர்த்துவது, இருக்கும் புள்ளிகளில் சிலவற்றைத் தியாகம் செய்வதாகும். ஸ்டூல் முறையின் ஒரே குறை, தண்ணீர் குடிக்க எழுந்து போகிறவரின் தலை கதாபாத்திரமாகிவிடுவது.

திரையைப் பொறுத்தவரை ஆய்வுலகம் கவனிக்கத் தவறிய பொருள் நாலு முழ வேட்டி. கடையில் கிடைக்கும் ஒற்றை வேட்டியின் நீளம் ஏறக்குறைய 2 மீட்டர், அகலம் 1.27 மீட்டர். விகிதம் 1.57, 1280-க்கு 800 புள்ளி உள்ள கருவியின் விகிதம் 1.6. மூலைக்கு மூலை அளந்தால் 93 அங்குலம். கரை, கடையில் வாங்கும் திரையின் கறுப்பு ஓரத்துக்கு ஈடாக நிற்கிறது. துணி மெல்லியது என்பதால் ஒளியில் ஒரு பங்கு ஊடுருவிப் பின்சுவரில் இரண்டாவது படம் விழும். பின்னால் ஒரு கறுப்புப் போர்வை தொங்கவிட்டால் அது மறையும். கீழ் விளிம்பில் ஒரு கம்பைக் கோக்காவிட்டால், விசிறிக் காற்றில் கதாநாயகனின் முகம் அலையடிக்கும். விசிறியின் செல்வாக்கு இங்கும் ஓயவில்லை. பளபளப்பில்லாத வெள்ளைச் சுவர் இருப்பவருக்கு வேட்டி தேவையில்லை. ஆனால் எந்தப் புரொஜெக்டராலும் கறுப்பை வீச முடியாது; ஒளி விழாத இடம் எவ்வளவு இருட்டோ அவ்வளவே கறுப்பு. பக்கத்து வீட்டுப் படிக்கட்டு டியூப்லைட்டை அணைக்கச் சொல்லும் உரிமை இதிலிருந்து பிறக்கிறதா என்பது சட்டத்துறைக்கு உரிய வினா.

ஒலிக்குக் கருவிக்குள்ளிருக்கும் ஸ்பீக்கரை நம்ப வேண்டாம். வசனம் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும்.

படம் முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கக்கூடாது. உள்விசிறி தானாக நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் பாதரச விளக்கு சூடு தணியாமல் மறுபடி பற்றாது. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில், இடைவேளை எப்போது என்பதை மின்வாரியமும், அது எவ்வளவு நேரம் என்பதை விளக்கும் தீர்மானிக்கின்றன.