வேடப் போட்டி விதித்தாள்: ஒரு கல்வெட்டியல் அணுகுமுறை

ஆய்வு எல்லையை முதலிலேயே கட்டிவிடுவது நல்லது. அறிவியல் புனைகதை, காமிக்ஸ், அனிமே ஆகியவற்றின் ரசிகர்கள் பெரிய ஓட்டல் மண்டபங்களைப் பிடித்துக் கூடும் மாநாடுகளில், பெரும்பாலும் சனிக்கிழமை இரவில் மேடையேறுகிற வேடப் போட்டியே இங்கு ஆய்வுப்பொருள். முதன்மைச் சான்று, போட்டியாளர்களுக்கு முன்கூட்டியே கொடுக்கப்படும் விதித்தாள். துணைமைச் சான்று, மறுநாள் காலை மேடைக்குப் பின்னால் கூட்டி அள்ளப்படும் சேப்டி பின்கள்.

கருதுகோள் பின்வருமாறு. வேடப் போட்டியை அமைப்பாளர் அமைப்பதில்லை. அவருக்கு முன்னால் மேடையேறிப் போனவர்கள் அமைத்து வைத்துவிட்டார்கள். இவர் நாற்காலி மட்டும் போடுகிறார். விதித்தாளில் 'தீப்பந்தம் கூடாது' என்று ஒரு வரி இருந்தால், எங்கோ ஒரு மண்டபத்தில் யாரோ ஒருவர் தீப்பந்தத்தோடு வந்து நின்றிருக்கிறார், அல்லது வருவேன் என்று சொல்லி ஒருவரைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறார் என்று கொள்ள வேண்டும். கோயில் தானத்துக்குத் தீங்கு செய்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்று நம் கல்வெட்டுகளில் வெட்டி வைத்தார்களே, சும்மாவா வெட்டினார்கள்? தானத்தில் கை வைத்தவன் ஒருவன் இருந்திருக்கிறான். விதித்தாளையும் அந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும்.

உலக அறிவியல் புனைகதை மாநாட்டு மரபில் வழிவழியாக வரும் ஒரு விதியைத் தமிழில் நூற்பா ஆக்கினால் இப்படி அமையும்: உடையின்மை உடையாகாது. இது என்ன சொல்ல வந்ததோ எனின், ஒன்றும் அணியாமல் வந்து அதையே வேடம் என்று சொல்லிப் பதிவு செய்ய முடியாது என்றவாறு. இந்த வரிக்குப் பின்னால் நிற்பவர் ஒருவரல்லர், ஒரு வரிசையே உண்டு. அவர்களை விவரிப்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஓட்டல் மண்டபங்களின் குளிர்சாதனம் எப்படி இருக்கும் என்பதை அறிந்தவன் என்ற முறையில் அவர்களது மன உறுதியை மட்டும் பதிவு செய்கிறேன்.

இனி வரலாறு. 1939 ஜூலையில் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு கூடியது. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து வந்த இருவர் வருங்கால மனிதர்களின் உடையில் தோன்றினார்கள். ஒருவர் ஃபாரஸ்ட் ஜே. ஆக்கர்மன், வயது 22. மற்றவர் மிர்ட்டில் ஆர். டக்ளஸ், எஸ்பராந்தோ மொழிப் பற்றால் மொரோஜோ என்று பெயர் வைத்துக்கொண்டவர். ஆக்கர்மனுக்குப் பச்சை மேலங்கி. ஃபிராங்க் ஆர். பால் பத்திரிகைகளுக்கு வரைந்த ஓவியங்களையும் 1936-இல் வந்த 'திங்ஸ் டு கம்' படத்தையும் பார்த்து அமைந்த உடைகள் அவை. மாநாடு என்றால் எல்லோரும் வேடம் போட்டு வருவார்கள் என்று நினைத்ததாக ஆக்கர்மன் பின்னாளில் சொன்னார். போட்டு வந்தது இவர்கள் இருவர் மட்டுமே. ஒரு பெரும் கலை வடிவம் இப்படி ஒரு தவறான அனுமானத்தில் பிறந்தது ஆய்வுலகுக்கு ஆறுதல் தரும் செய்தி.

மறு ஆண்டு, 1940-இல், சிகாகோவில் இரண்டாவது மாநாடு. அங்கே வேடப் போட்டியே வைத்துவிட்டார்கள். சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்ட எழுத்தாளர் இ. இ. ஸ்மித்தும் வேடம் கட்டினார். அதுவும் தம் கதாபாத்திரத்தின் வேடம் அல்ல, சி. எல். மூர் படைத்த நார்த்வெஸ்ட் ஸ்மித் என்ற விண்வெளி நாடோடியின் வேடம். நம்மூர் இலக்கிய விழாவில் தலைமை விருந்தினர் சக எழுத்தாளரின் கதாநாயகனாக வேடம் கட்டி வருவதைக் கற்பனை செய்து பார்க்கிறேன். பொன்னாடையை எதன்மேல் போர்த்துவது என்ற சிக்கலிலேயே விழா நின்றுவிடும். முதல் பரிசு டேவிட் கைலுக்கு. ஃபிளாஷ் கார்டன் கதையின் வில்லன் மிங்காக வந்தார். அந்த உடையைச் செய்தவர் லெஸ்லி பெர்ரி என்ற ரசிகை.

இங்கே சற்று நின்று நோக்க வேண்டும். 1939-இல் ஆக்கர்மன் அணிந்த உடையையும் வடிவமைத்துத் தைத்தவர் மொரோஜோதான். ஆக, இக்கலையின் முதல் இரண்டு ஆண்டுகளிலும் ஊசி ஒரு பெண்ணின் கையில் இருந்திருக்கிறது. பெயர் ஓர் ஆணின் கணக்கில் வரவாகியிருக்கிறது. இன்றைய விண்ணப்பப் படிவத்தில் அணிபவர், வடிவமைத்தவர், செய்தவர் என்று தனித்தனிக் கட்டங்கள் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இரண்டு பெண்களும் கட்டத்துக்குள் நின்று முறைப்பதாகவே எனக்குத் தோன்றும். 2003-இல் ஜப்பானின் நகோயாவில் தொடங்கிய உலக காஸ்ப்ளே மாநாடு இதை இன்னும் இறுக்கிப் பிடித்தது. அங்கே நாட்டுக்கு இருவர் கொண்ட அணி போட்டியிடுகிறது. உடுத்துவதைத் தாங்களே செய்திருக்க வேண்டும். நம் பள்ளி ஆண்டுவிழா மாறுவேடப் போட்டியில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. பாரதியாரின் மீசை அம்மா வரைந்தது, கோட்டு வாடகைக் கடையினுடையது, அழுகை மட்டும் குழந்தையின் சொந்தப் படைப்பு. பரிசு குழந்தைக்கு.

இப்போது கல்வெட்டியலின் தலைமணிக்கு வருகிறோம்: பீநட் பட்டர் கூடாது. இந்தத் துறையில் இதைவிடப் புகழ்பெற்ற விதி கிடையாது. 1972-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த உலக மாநாட்டில் ஸ்காட் ஷா என்ற இளம் கார்ட்டூனிஸ்ட் (கையெழுத்திடும்போது பெயருக்குப் பின்னால் ஓர் ஆச்சரியக்குறியும் போட்டுக்கொள்பவர், நடந்ததைப் பார்த்தால் அது அளவுக்கு மீறியதல்ல) தாமே படைத்த ஒரு கதாபாத்திரமாக வந்தார். பாத்திரம், பேச்சு நாகரிகம் அனுமதிக்கும் அளவில் சொன்னால், நடமாடும் மலம். நிறத்துக்கும் பதத்துக்கும் பொருத்தமான மூலப்பொருளைத் தேடியவர் உடம்பெல்லாம் பீநட் பட்டரை அப்பிக்கொண்டார். கலை நோக்கில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் பீநட் பட்டர் ஓரிடத்தில் நிற்கிற பண்டமில்லை. மெத்தை வைத்த இருக்கைகளில் ஒட்டியது. உரசிப் போனவர்களின் உடையில் ஒட்டியது. மாதக் கணக்கில் ஊசி பிடித்துச் செய்த உடைகள். பிறகு மேடை விளக்கின் சூட்டில் ஊசிப்போகத் தொடங்கியது. அன்றோடு உணவுப் பண்டங்கள், நாறுவன, பிறர்மேல் ஒட்டுவன யாவும் வேடத்திலிருந்து விலக்கப்பட்டன.

பீநட் பட்டர் கூடாதென்றால் வேர்க்கடலைச் சட்னி கூடுமோ எனின், கூடாது. உபலக்கணத்தால் அதுவும் கொள்க. பஞ்சாமிர்தம், மாவு, அரைத்த மஞ்சள் ஆகியவற்றுக்கும் அஃதொக்கும். காய்ந்த வரட்டி எவ்வகையில் அடங்கும் என்பது மேலாய்வுக்கு உரியது. ஐம்பது ஆண்டுக்கு மேலாகியும் பல மாநாடுகளின் விதித்தாள்களில் அந்தப் பண்டத்தின் பெயர் அப்படியே நிற்கிறது. பொதுவாக 'ஒட்டும் பொருள் கூடாது' என்று எழுதினால் ஒரு புதியவர் வந்து, தம் கைவசமுள்ளது ஒட்டும் பொருளே அல்ல என்று வாதாடுவார். பெயர் சொல்லி எழுதிவிட்டால் ஏன், எதற்கு என்று விசாரிப்பார். கதையைக் கேட்பார். அடங்கிவிடுவார்.

தனி விதி எத்தனை எழுதினாலும் மனிதக் கற்பனை அதற்கு வெளியே ஒரு சந்து கண்டுபிடிக்கும். ஆகவே மரபு இரண்டு பொது விதிகளை வைத்திருக்கிறது. முதலாவது, பார்வையாளரை வியக்க வை, போட்டி இயக்குநரை வியக்க வைக்காதே என்பது. சிறகு விரியுமா, புகை வருமா, கூட்டத்தின் மேல் எதையாவது வீசப்போகிறாயா, உறைக்குள் இருப்பது மரக்கத்தியா மெய்க்கத்தியா, எல்லாம் முன்பே இயக்குநர் காதுக்கு வந்துவிட வேண்டும். இரண்டாவது, ரசனைக் குறைவு, ஆபத்து, அல்லது வேறு எந்தப் போதிய காரணத்துக்காகவும் இயக்குநர் எவரையும் நீக்கலாம், மேல்முறையீடு இல்லை என்பது. சோழர்காலச் சபைகளில்கூட இவ்வளவு அதிகாரம் ஒருவர் கையில் இருந்திருக்காது. ஆனால் இயக்குநருக்குச் சம்பளம் கிடையாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வகுப்புப் பிரிவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புதியவர், தேர்ந்தவர், வல்லவர் என்று மூன்று படிகள். விரும்பினால் மேல்படியில் போட்டியிடலாம், கீழே இறங்க முடியாது. இல்லாவிட்டால் தையலையே தொழிலாகக் கொண்டவர் ஆண்டுதோறும் வந்து எல்லாக் கோப்பைகளையும் வாரிக்கொண்டு போவார். முதன்முறை ஊசி பிடித்தவர் இரண்டாம் முறை பிடிக்கவே மாட்டார்.

செய்நேர்த்தி மதிப்பீடு என்று ஒன்று உண்டு. அது மேடையில் நடப்பதில்லை, பின்னறையில் நடக்கிறது. நடுவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கிக்கொண்டு, தொடலாமா என்று அனுமதி கேட்டுவிட்டு, மேலங்கியின் ஓரத்தைப் புரட்டுகிறார். உள்ளே லைனிங் இருக்கிறதா, தையல் பிசிறு மடித்துத் தைக்கப்பட்டிருக்கிறதா, பட்டன் துளை கையால் போட்டதா. கவசம் என்றால் ஃபோம் ஷீட்டை வெட்டிச் சூடுகாட்டி வளைத்து ஒட்டிய மூட்டு எங்கே இருக்கிறது என்று விரலால் தேடுகிறார். அது கிடைக்காவிட்டால் மதிப்பெண். ஏற்கெனவே உள்ள பாத்திரமென்றால் மூலப்படத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும், சொந்தக் கற்பனை என்றால் வேண்டாம். இந்தச் சில நிமிடங்களுக்காகவே வருகிறவர்கள் இருக்கிறார்கள். மேடையில் யாருக்கும் தெரியப்போகாத ஓர் உள்மடிப்பைப் பற்றி ஒருவர் ஆர்வமாகக் கேட்டு, தாம் அதை விளக்கிச் சொல்லும் வாய்ப்பு வேறெங்கு கிடைக்கும்? வீட்டில் கேட்டால் 'சரி சரி, சாப்பிட வா' என்பார்கள்.

ஆனால் அமைப்பாளரின் தகுதியை அளக்க வேண்டுமானால் காத்திருப்பு அறையைத்தான் பார்க்க வேண்டும். போட்டியாளர் மேடையில் நிற்பது ஒரு நிமிடம். இங்கே நிற்பது மூன்று நான்கு மணி நேரம். நிற்பது என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்க. சிறகு கட்டியவர் நாற்காலியில் உட்கார முடியாது, முதுகில்லாத ஸ்டூல் வேண்டும். வால் உள்ளவருக்கு அதுவும் ஆகாது. முகச்சாயம் பூசியவர் டம்ளரை வாய்வைத்துக் குடிக்க முடியாது. ஸ்ட்ரா வேண்டும், அதுவும் தலைக்கவசத்தின் வாய்த் துளை வழியாக நுழைகிற நீளத்தில். ஒரு மேசையில் ஊசி, நூல், சேப்டி பின், கொண்டை ஊசி, பசைத் துப்பாக்கி, இருபக்கமும் ஒட்டும் டேப், காலணி அறுந்தால் கட்டச் சரடு. பத்துப் பதினைந்து போட்டியாளருக்கு ஒரு பொறுப்பாளர். உலக மாநாட்டு வட்டாரத்தில் 'டென் மதர்' என்பார்கள். வேலை என்னவோ கல்யாண வீட்டில் மணப்பெண்ணோடு சுற்றும் சித்தியின் வேலைதான்: தண்ணீர் குடித்தாயா, பாத்ரூம் போனாயா, இன்னும் எட்டுப் பேர் இருக்கிறார்கள், இப்போதே போய்விட்டு வா. கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். முழுக் கவசத்தைக் கழற்றி மாட்ட ஆகும் நேரத்தைக் கணக்கில் எடுக்காத நிகழ்ச்சி நிரல் வெறும் காகிதம்.

சூடு வேறு. சென்னையின் முதல் காமிக் கான் 2024-இல் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்தது. பிப்ரவரியில் வைத்தவர்களின் வானிலை அறிவைப் பாராட்ட வேண்டும். ஃபோம் கவசத்துக்குள் சித்திரை மாதத்தைக் கழிக்க எந்த அவெஞ்சராலும் ஆகாது.

மேடையைப் பொறுத்தவரை, தலைக்கவசத்துக்குள் இருப்பவருக்குத் தம் கால் தெரியாது என்ற ஒரே உண்மையை மனத்தில் கொண்டால் மீதி தானே வரும். விளிம்பில் பளிச்சென்ற டேப், படியில் கைபிடித்து இறக்கக் கறுப்புடை உதவியாளர், பார்வையாளர் யாரும் ஃபிளாஷ் அடிக்காமலிருக்கக் கண்டிப்பு. படம் பிடிக்கத் தனி இடம் ஒதுக்கிவிட்டால் ஃபிளாஷ்காரர்கள் சமாதானமாகிவிடுவார்கள். அறிவிப்பாளர் பெயர்களைக் கடித்துத் துப்பாமலிருக்கப் படிவத்திலேயே உச்சரிப்பை எழுதி வாங்கிவிட வேண்டும்.

எஞ்சியிருப்பது நடுவர்கள். போட்டி முடிந்ததும் மூவரோ ஐவரோ ஓர் அறைக்குள் போகிறார்கள். இருபது நிமிடம் என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். உள்ளே புதியவர் பிரிவில் சிறந்த வேலைப்பாடு, தேர்ந்தவர் பிரிவில் சிறந்த நகைச்சுவை, பிரிவு எதிலும் அடங்காத அந்தப் பல்லிக்கு என்ன கொடுப்பது என்று பேச்சு நீள்கிறது. வெளியே கூட்டத்தைப் பிடித்து நிறுத்த ஓர் இடைநிகழ்ச்சி ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது. இடைநிகழ்ச்சிக்காரரிடம் கைவசமுள்ள சரக்கைப்போல் இரண்டு பங்கு வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். பாட்டுக்காரராக இருந்தால் நல்லது, வித்தைக்காரரானால் முட்டை கூடுதலாக வேண்டும். பட்டிமன்றப் பேச்சாளர் ஒருவரைப் பிடித்துவிட்டாலோ நடுவர்கள்தான் வெளியே வந்து அவரை நிறுத்த வேண்டியிருக்கும். மண்டபத்தை நள்ளிரவு வரைக்கும் எடுத்துவிடுவது உத்தமம். காவலாளிக்கும் விளக்குக்காரருக்கும் இரவுச் சாப்பாட்டை மாலையிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும்.