வாகட் பில்டர்களுக்கு ஒரு பாராட்டுரை

புணேயின் வாகட்டில் அடுக்குமாடி கட்டி விற்கும் பெருமக்களை மனமாரப் பாராட்ட வேண்டும். உயரத்துக்கே விலை கண்டவர்கள் அவர்கள். மாடி ஏற ஏற சதுர அடிக்கு இவ்வளவு கூடுதல் என்று கணக்கிட்டு வாங்குவதற்கு ‘ஃப்ளோர் ரைஸ்’ என்று பெயர். பக்கத்திலுள்ள ஹிஞ்சவாடியில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலர் அந்தத் தொகையையும் சேர்த்துத்தான் இருபது வருடக் கடன் வாங்குகிறார்கள்.

விலை மேலே ஏறுகிறது. நீரழுத்தம் கீழே இறங்குகிறது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து பத்து மீட்டர் இறங்கினால்தான் தண்ணீருக்கு ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் அது மூன்று பாரைத் தாண்டிவிடும்; அங்கே அழுத்தத்தைக் குறைக்கத் தனியாக வால்வு வைக்க வேண்டியிருக்கும். தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் மேல்வீட்டுக்கோ மூன்று மீட்டர் இறக்கம்தான். 0.3 பார். குழாயின் நீளமும் முழங்கை வளைவுகளும் தின்றது போக மிஞ்சுவது இன்னும் குறைவு. மிகக் குறைந்த அழுத்தத்தை மிக அதிக விலைக்கு விற்று, சாவி கொடுக்கும் நாளில் வாங்கியவரையே நன்றி சொல்லவும் வைக்கிற இந்தத் திறமை எல்லோருக்கும் வாய்க்காது.

குளியலறையின் அழகையும் சொல்லியாக வேண்டும். கூரையில் தட்டு அகலத்துக்கு ஒரு மழை ஷவர். அதியமானுக்காகத் தூது போன ஔவை தொண்டைமானின் படைக்கொட்டிலைப் பாராட்டினாரே, அந்தப் பாராட்டுக்கு முழுத் தகுதி உடையது. பளபளப்பு மங்கவில்லை, களமும் காணவில்லை. வீட்டுக்காரர் அதன் கீழே வாளியும் மக்குமாக நிற்கிறார்.

கேஸ் கீசருக்கு என் பாராட்டு உள்ளும் புறமும் ஒன்றானது. அந்த வீட்டில் உண்மை பேசும் பொருள் அது ஒன்றுதான். அதனுள்ளே ரப்பர் சவ்வு ஒன்று இருக்கிறது. ஓடும் தண்ணீர் அதைப் போதிய அளவு தள்ளினால்தான் கேஸ் திறக்கும், பொறி பறக்கும். பல கீசர்களுக்கு அதற்கு 0.2 முதல் 0.3 பார் வரை வேண்டும். ஜனவரி விடியலில் புணே பத்து டிகிரிக்கும் கீழே போகையில் மேல்மாடிக் கீசர் பற்றாமல் இருப்பது அதன் குற்றமல்ல. தண்ணீர் ஓடாமல் தீ மட்டும் எரிந்தால் உள்ளே இருக்கும் செம்புக்குழாய் கருகிவிடும். அதைத் தடுக்கத்தான் அந்தச் சவ்வு. அதைத் தட்டிக்கொட்டி ‘சரி’ செய்ய யாரையும் விடாதீர்கள். கேஸ் கீசரைச் சன்னலோ காற்றுப் போக்கோ இல்லாத குளியலறைக்குள் மாட்டவும் விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, ஆளைக் கொல்லும்.

கீசர் பற்றவில்லை என்று சொன்னால் பில்டரின் ஆட்கள் பொறுமையாகக் கேட்டு, பிரஷர் பம்ப் ஒன்று வாங்கச் சொல்கிறார்கள். நல்ல யோசனை, செலவு நம்முடையது. பச்சைத்தண்ணீர்க் குழாயில் மட்டும் பம்ப்பை மாட்டினால் என்ன ஆகும் என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை. சோலார் ஹீட்டரும் இருக்கிற வீட்டில், அதன் தொட்டியிலிருந்து தன் எடையால் மட்டும் இறங்கி வருகிற வெந்நீரை, மிக்சருக்குள் பச்சைத்தண்ணீர் பின்னோக்கித் தள்ளிவிடும். மேல் இரண்டு மூன்று மாடிகளுக்குத் தனி பூஸ்டர் பம்ப், அல்லது இன்னும் உயரமான தூணில் தொட்டி: கட்டும்போதே செய்யக்கூடியது இது. விற்பனைக் கையேட்டில் நீச்சல்குளத்துக்கு இடம் கண்டவர்களுக்கு இதற்கு இடம் கிடைக்காமல் போனது ஏன்?

வாகட்டை ஆளும் பிம்ப்ரி சிஞ்ச்வட் மாநகராட்சியின் சமநீதியும் போற்றத் தக்கது. பவனா அணையிலிருந்து வரும் தண்ணீரை 2019 நவம்பர் முதல் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று நகரம் முழுவதற்கும் பகிர்ந்தார்கள். தற்காலிக ஏற்பாடு ஆண்டுக்கணக்கில் நீண்டது. அணையிலிருந்து மூடிய குழாயில் தண்ணீர் கொண்டுவரும் திட்டத்தை எதிர்த்து 2011 ஆகஸ்ட் 9 அன்று மாவளில் போராடிய விவசாயிகளில் மூன்று பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். நகரத்துத் தண்ணீரைப் பற்றிப் பேசும் எவரும் அவர்களை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. இவ்வளவுக்கும் நடுவில் புதிய கோபுரங்களுக்கு அனுமதி தரும் கை தளரவில்லை; மாநகராட்சித் தண்ணீர் போதிய அளவு வரும்வரை நாங்களே தருவோம் என்று பில்டர் எழுதிக் கொடுத்தால் போதும் என்று மாநகராட்சி நம்புகிறது. எழுதிக் கொடுத்தவர் போய்விட்டார். குடியிருப்போரின் சொசைட்டி டாங்கருக்குப் பணம் கட்டுகிறது.

டாங்கர் ஓட்டுநரைப் பாராட்டுவதில் எனக்குத் தயக்கமே இல்லை. சொன்ன நேரத்துக்கு வருகிற ஒரே ஆள் அவர். அவர் கொண்டுவருவது பெரும்பாலும் போர்வெல் உப்புத் தண்ணீர். அது கீசரின் காயிலில் சுண்ணாம்பாகப் படிகிறது, ஷவரின் துளைகளையும் உள்வரும் குழாயின் வடிகட்டியையும் அடைக்கிறது. இருந்த கொஞ்ச அழுத்தமும் போகிறது. வடிகட்டியையும் ஷவர் தலையையும் மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். அவ்வளவாவது நம் கையில் இருக்கிறது.

வாகட்டில் இனி மேல்மாடி வாங்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மாதிரி வீட்டைப் பார்ப்பதோடு நிற்காமல், அதே பில்டர் முன்பு கட்டி ஆட்கள் குடியேறிய கட்டடத்துக்குக் காலை ஏழு மணிக்குப் போங்கள். மேல்மாடி வீட்டாரிடம் கேட்டு வெந்நீர்க் குழாயைத் திறந்து பாருங்கள். அந்த மாதம் எத்தனை டாங்கர் வந்தது என்று சொசைட்டிக் கணக்கைக் கேளுங்கள். அட்வான்ஸ் அதற்குப் பிறகு கொடுக்கலாம்.