வாலுக்கும் விலை உண்டு

குதிரை வாங்க ஆசைப்படுகிறவர்கள் பாண்டியர் காலத்து வியாபாரத்தை ஒருமுறை விசாரித்துவிடுவது நல்லது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரசீக வளைகுடாவிலிருந்தும் ஏடனிலிருந்தும் காயல் துறைக்குக் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்தன. தலைக்கு 220 பொன் தினார் என்கிறார் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். நடுக்கடலில் செத்தாலும் கஜானாவிலிருந்து பணம் உண்டாம். விற்றவருக்கு இதைவிடச் சுகமான தூக்கம் எங்கே கிடைக்கும்?

பிழைத்து வந்தவற்றுக்கு நம்மூர் உபசாரம். வேகவைத்த இறைச்சியும் சோறும் போட்டார்களாம். மார்க்கோ போலோ சொல்கிறார். விருந்தோம்பல்தான், சந்தேகமில்லை. ஆனால் குதிரையை யாரும் கேட்கவில்லை. ஒவ்வோர் அரசரும் ஆண்டுக்கு 2000-க்கு மேல் வாங்குவார், வருடக் கடைசியில் 100கூட மிஞ்சாது என்பதும் அவர் கணக்கே. லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்களை வியாபாரிகள் இந்தப் பக்கமே வரவிடவில்லையாம். சர்வீஸ் சென்டர் இல்லாத ஊரில் வண்டி விற்கும் சாமர்த்தியம் நம் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல.

சுமார் இரு நூற்றாண்டு கழித்து விஜயநகரத்துச் சாளுவ நரசிம்மர் இன்னும் தாராளம். கடலில் செத்த குதிரையின் வாலை மட்டும் கொண்டுவந்தால் போதும், உயிரோடு வந்த குதிரையின் விலையே தந்தார் என்று போர்த்துகீசியர் நூனிஸ் எழுதிவைத்திருக்கிறார். அந்த வால் எந்தக் கரையில் அறுத்தது என்று யார் பார்த்தார்கள்?

ஆகவே, வாங்குவதென்றால் முதலில் லாடம் அடிப்பவரின் கைப்பேசி எண்ணை வாங்குங்கள். குதிரையைப் பிறகு பார்க்கலாம்.