தண்ணிக்கும் உனக்கும் ஒரே புத்தி

வா கண்ணு. வண்டியை அப்படித் திண்ணையோரம் நிறுத்து. ஸ்டாண்டு கெடையாதா? சரி, சாச்சு வெய்யி. மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, மணியும் இல்லை. இத்தனையும் இல்லாம இருக்கறதுக்கா ரெண்டு லட்சம் குடுத்தே? அப்புச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, பழைய சைக்கிள் ஒண்ணுல எல்லாத்தையும் நானே கழட்டிக் குடுத்திருப்பேனே!

மொகத்தைச் சுளிக்காதே. சாமானம் நல்ல சாமானந்தான். முன்னாலயும் பின்னாலயும் ஷாக் அப்சார்பரு, ஆயில்ல புடிக்கற டிஸ்க் பிரேக்கு, பொத்தானை அமுக்கினா எறங்கற சீட்டு, டியூபே இல்லாத டயரு. இத்தனை இருந்தும் குன்னூருக்கு ஏறறதுக்கு ஜீப்பு வேணுங்கறே. அங்கிருந்து காட்டு வழியா கல்லாத்துக்கு எறங்கத்தான் சைக்கிளுங்கறே. பாடுபடறது டீசலு, பேரு வாங்கறது நீ. இப்படியொரு பண்ணயம் எனக்கு வாய்ச்சிருந்தா நானும் இந்நேரம் பெரிய வெவசாயிதான்.

ஆனா நீ மொத ஆளு கெடையாது. ராத்திரி நீ தூங்கினப்பறம் உன்ற போனைத் தொறந்து சித்த படிச்சுப் பாத்தேன். பூட்டுக்கு உன்ற பொறந்த தேதியைத்தானே வெச்சிருக்கே? ஜாதகம் எழுத அந்தத் தேதியைச் சொன்னவனே நாந்தான். கலிபோர்னியாவுல டமால்பைஸ்னு ஒரு மலை. அந்தப் பக்கத்துப் பசங்க 1930, 40கள்ல செஞ்ச தடிச்ச டயரு சைக்கிளைத் தேடிப் புடிச்சு, டிரக்குல ஏத்திக் கொண்டுபோயி மேல இருந்து உருண்டு வந்தாங்க. 1976ல அதையே பந்தயமாக்கிட்டாங்க. ரெண்டு மைல் தூரத்துல ஏறக்குறைய 1,300 அடி எறக்கம். பெடலைப் பின்னால மிதிச்சாப் புடிக்கற பிரேக்கு. கீழ வந்து சேர்றதுக்குள்ள சூட்டுல உள்ள இருக்கற க்ரீஸு பொகையாப் போயிருமாம். மறுபடி க்ரீஸ் அடைச்சாத்தான் அடுத்த ஓட்டம். ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், டாம் ரிச்சின்னு அந்தக் கூட்டத்து ஆளுங்கதான் அப்பறம் மலைக்குன்னே சைக்கிள் செஞ்சாங்க. 1981ல ‘ஸ்டம்ப்ஜம்ப்பர்’னு ஒண்ணு தொழிற்சாலையில மொத்தமாத் தயாராகிக் கடைக்கு வந்துது. 1996ல அட்லாண்டா ஒலிம்பிக்குலயே இந்த வெளையாட்டைச் சேத்துட்டாங்க. அவங்க பழைய இரும்புல எறங்கினாங்க. உனக்குத்தான் ரெண்டு லட்சத்துக்குக் கொறைஞ்சு எறக்கமே எறங்க மாட்டேங்குது.

மிச்சக் கதையையும் கேளு. அந்த மலைக்காட்டுல பெரிய பங்கு குடிதண்ணி வாரியத்துக்குச் சொந்தம். மழைத் தண்ணி மண்ணைக் கரைக்காம அணைக்கு வந்து சேரோணும்ங்கறது அவங்க கவலை. சைக்கிள் கூட்டம் பெருகினதும் ஒத்தையடித் தடங்கள்ல நெடுங்காலம் தடை போட்டாங்க. அகலமான பாதையில மணிக்கு 15 மைல், எதிரே வர்றது தெரியாத வளைவுல 5 மைல். அதுக்கு மேல போறவனைப் புடிக்க ரேடார் துப்பாக்கியோட காவலரு நின்னாரு. பெத்த மலையே புள்ளைக்குக் கடிவாளம் போட்டுது. எதுக்குன்னு ரோசிச்சியா?

ஏன்னா தண்ணிக்கும் உனக்கும் ஒரே புத்தி. கீழ போகோணும், நேராப் போகோணும், இப்பவே போகோணும். மலைச்சரிவுல நேராக் கீழ ஒரு தடம் போட்டேன்னு வெய்யி. மொத நாளு அதுல நீ போவே. மறுநாள்ல இருந்து தண்ணி போகும். டயரு கீறின கோடு ஏர் ஓட்டின சால் மாதிரி ஆழமாகும். நீ பிரேக்கைப் புடிச்சுச் சக்கரத்தை இழுத்த எடமெல்லாம் மண்ணு பேந்து குழியாகும். நாலு மழை பேஞ்சா அது தடமில்லை, பள்ளம். அதுல ஓட்ட முடியலைன்னு பக்கத்துலயே இன்னொண்ணு போடுவே. அதுவும் போனா மூணாவது. மூணு கோடு விழுந்தா என்ன அர்த்தம்? மலைக்கு நீ நாமம் போட்டுட்டேன்னு அர்த்தம்.

இந்தப் பள்ளத்தாக்கை ஒருக்கா நல்லாப் பாரு. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு மேல 300 மீட்டர் சொச்சம். குன்னூரு 1,800க்கும் மேல. அந்த உசரத்தை ரோடு 14 கொண்டை ஊசி வளைவு போட்டுத்தான் ஏறுது. 1899ல குன்னூருக்குப் போன ரயிலு, 12 அடிக்கு ஒரு அடி ஏறறதுக்கே கல்லாத்துல இருந்து நடுவுல பல்லுத் தண்டவாளத்தைக் கடிச்சுக் கடிச்சு ஏறுது. 1820கள்ல கலெக்டர் சல்லிவன் துரை காலத்துல சிறுமுகையில இருந்து கோத்தகிரிக்குப் பாதை போட்டவங்களுக்கும் அவசரம் இருந்துது. ஒருத்தரும் நேரா ஏறலை, நேரா எறங்கலை. யானையோட தடத்தைப் பாரு. செங்குத்தை விட்டு ஒதுங்கி, சரிவுக்குக் குறுக்கால சாஞ்ச வாக்குலதான் போகும். அத்தாம்பெரிய ஒடம்புக்குத் தெரிஞ்ச கணக்கு, மாசச் சந்தா கட்டி ஜிம்முக்குப் போற ஒடம்புக்குத் தெரியலை.

வெளிநாட்டுல தடம் வெட்டறவங்க இதைக் கணக்காவே எழுதி வெச்சிருக்காங்க. மலையோட பக்கச் சரிவு எத்தனையோ, தடத்தோட எறக்கம் அதுல பாதியைத் தாண்டக் கூடாது. சரிவு நூத்துக்கு 30ன்னா தடம் 15க்குள்ள. மொத்தத் தடத்துக்கும் சராசரி 10க்குள்ள. தடத்தோட வெளியோரம் நூத்துக்கு 5 கீழ்ப்பக்கமாச் சாஞ்சிருந்தா தண்ணி தடத்து மேலேயே ஓடாது, குறுக்கால கடந்து போயிரும். நீளமான எறக்கத்துல அங்கங்க சித்த ஏத்தம் வெக்கோணும். அந்த மேட்டைத் தாண்ட முடியாம தண்ணி காட்டுக்குள்ள வழிஞ்சிரும். நீ அதே மேட்டுல ஒரு தாவு தாவிக்கலாம். தண்ணியை ஏமாத்த வெட்டினது உனக்கு வெளையாட்டு. நம்ம கரட்டுல பழைய கொடித்தடம் எதுல நடந்தாலும் இந்தக் கணக்குத்தான் காலடியில கெடக்கும். எழுதி வெக்காததால அதுக்குப் பட்டிக்காட்டுப் புத்தின்னு பேரு.

மழை எப்பன்னு தெரியுமில்லை? இந்தச் சரிவுக்கு ஐப்பசியும் கார்த்திகையும். 2009 நவம்பர்ல நீலகிரியில மண்ணு சரிஞ்சு நாப்பது பேருக்கு மேல போயிட்டாங்க. ரோடும் ரயில்பாதையும் அங்கங்க அத்துக் கெடந்துது. அதுக்குச் சைக்கிள்காரன் காரணம்னு நான் சொல்ல வரலை. காட்டை அழிச்சதும் சரிவுல கட்டடம் கட்டினதும் பெரிய கணக்கு. அதுல உன்ற சின்னக் கணக்கையும் சேத்து எழுதாதேங்கறேன். கட்டை விரலால அமுக்கினா மண்ணு குழி விழுதா? அன்னிக்கு வண்டியைத் தொடைச்சு வெச்சுட்டு வடை சாப்பிடு.

இப்ப மணிக்கு வர்றேன். பாரம் கூடும்னு அதைக் கழட்டினாங்களாக்கும்? பர்லியாறு, கல்லாறு பக்கம் பலாப்பழம் பழுத்தா வாசம் புடிச்சு யானை வரும். கல்லாறு–ஜக்கனாரை வலசைப் பாதை நீ எறங்கப் போற வாயிலேதான் குறுக்கால போகுது. நடந்து போறவன் பேச்சுச் சத்தம், காலடிச் சத்தம் எல்லாம் முன்னாடியே போயிரும். யானை விலகிக்கும். நீ சத்தமில்லாம முப்பது கிலோமீட்டர் வேகத்துல வளைவு திரும்பறே. நீ வர்றது அதுக்குத் தெரியாது, அது நிக்கறது உனக்குத் தெரியாது. ரெண்டு பேர்ல ஆரு வேகமா பிரேக் புடிக்கோணும்னு நீயே சொல்லு. 2016ல அமெரிக்காவுல மொண்டானாவுல ஒருத்தரு இப்படித்தான் வளைவுல கரடி மேல மோதி, அது அடிச்சுச் செத்துப் போனாரு. நல்லா ஓட்டத் தெரிஞ்ச ஆளு, பழகின காடு. அதனால மணி ஒண்ணு மாட்டு. உன்ற டயருக்குள்ள ஊத்தற பசை வெலையில பத்து மணி வாங்கலாம்.

மணி மாட்டிட்டேன்னு காட்டுக்குள்ள பூந்துராதே. காப்புக்காட்டுக்குள்ள அனுமதியில்லாம காலை வெச்சாலே குத்தம். அந்தச் சட்டம் 1882ல போட்டது, உன்ற பாட்டனுக்குப் பாட்டனையே தடுத்த சட்டம். 2018 மார்ச்சுல தேனிப் பக்கம் குரங்கணியில காட்டுத்தீயில மாட்டி இருபது பேருக்கு மேல செத்தாங்க. அதுக்கப்பறம் கெடுபிடி இன்னும் கூடிப்போச்சு. 2024ல வனத்துறையே வழிகளைக் குறிச்சு, வழிகாட்டியோட கூட்டிட்டுப் போற திட்டம் ஆரம்பிச்சுது. ஆனா அது நடக்கறவங்களுக்கு. நீ ஒண்ணு பண்ணு: கள்ளத்தனமாக் காட்டுக்குள்ள எறங்கு, போன வழி, போன நேரம், போன வேகம் எல்லாத்தையும் வழக்கம் போல போன்ல கோடு போட்டு ஊருக்கே காட்டு. ஃபாரஸ்ட்டு வாட்சருக்கு மலையேறற வேலை மிச்சம். பாவம், அவருக்கும் வயசாகுது.

முறையா ஓட்ட எடமே இல்லையான்னு கேப்பே. இருக்குது. மலைக்குத் தேயிலைத் தோட்டம் உண்டு. தோட்டத்துக்காரன்கிட்டக் கேட்டுட்டு எறங்கு. 2023ல ஆசிய மலை சைக்கிள் போட்டியைக் கேரளாவுல பொன்முடியில நடத்தினாங்களே, அது தேயிலைத் தோட்டத்துக்குள்ள வெட்டின தடம். அந்த மலைக்குக் கீழ ஓடற ஆத்துக்கும் கல்லாறுன்னுதான் பேரு. ஒரே பேரு, ஆனா அங்க கேட்டுட்டு எறங்கினாங்க.

தோட்டத்துலயும் மொறை உண்டு. எறங்கறவன் ஏறறவனுக்கு வழி விடோணும். நடந்து வர்றவங்களுக்கு ரெண்டு பேருமே வழி விடோணும். கொழுந்து மூட்டை தலையில இருக்கற பொம்பளையைப் பாத்தா எறங்கி நில்லு. அவிய உன்ற ஹெல்மெட்டைப் பாத்துச் சிரிச்சா நீயும் சிரிச்சுக்கோ. பிரேக்கை வளைவுக்கு முன்னாடியே புடிச்சு விடு, வளைவுக்குள்ள போயிப் புடிக்காதே. மொத்த எறக்கத்துக்கும் அழுத்திப் புடிச்சுட்டே வந்தா டிஸ்க்கு சூடாகி, கடைசி வளைவுல கை மட்டுந்தான் புடிக்கும், வண்டி புடிக்காது. பஸ்ஸுக்காவது கீழ் கியர்ல இஞ்சின் இழுத்துப் புடிக்கும். உனக்கு இஞ்சின் உன்ற தொடைதான், எறக்கத்துல அது சும்மா இருக்கும்.

கடைசியா ஒண்ணு. தடத்துல ஓட்டறதுக்கு உரிமை எங்க கெடைக்கும்னு கேட்டியே? மண்வெட்டியில கெடைக்கும். வெளிநாட்டுல நல்ல தடம் இருக்கற ஊருலயெல்லாம் ஓட்டறவங்களே லீவு நாள்ல கூடிப் போயி, தண்ணி தேங்கற எடத்துல வடிகால் வெட்டி, கரைஞ்ச ஓரத்தைக் கல்லு வெச்சுக் கட்டறாங்க. மழைக்கு முன்னாடி ஒருக்கா, மழைக்கப்பறம் ஒருக்கா. அந்த வித்தை கைக்கு வந்துட்டா எந்தத் தோட்டத்துக்காரனும் உனக்கு வேலியைத் தொறந்து விடுவான்.

பழகறதுக்கு எடம் தேடி அலைய வேண்டாம். நம்ம பாக்குத்தோப்புல மேல்பக்கத்து வரப்பு போன மழையில ஒடைஞ்சுபோச்சு. அதே சாய்வு, அதே வடிகால், அதே கணக்கு. வரப்புல பழகினவன் மலையில தோக்க மாட்டான். மண்வெட்டி ரெண்டு தீட்டி வெச்சிருக்கேன், ஒண்ணு உனக்கு, இன்னொண்ணு ஜீப்பு ஓட்டிட்டு வர்ற உன்ற சிநேகிதனுக்கு. அப்புச்சி கட்டில்ல உக்காந்து சொல்லித் தர்றேன். கூலியெல்லாம் கேக்காதே கண்ணு, ஒடம்பை வளைக்க மாசாமாசம் காசு கட்டறவந்தானே நீ? அந்தக் காசை இந்த மாசம் என்கிட்டயே கட்டிரு.